கெஸ்மே யார்?

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காற்று வருகிற பக்கம் நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் சுவரோரமாகச் சாய்ந்துகொள்ளுங்கள். ஒரு துப்பறியும் கதை வைத்திருக்கிறேன். கொலை கிடையாது, ரத்தம் கிடையாது, பயப்படாமல் கேட்கலாம். ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்ததெல்லாம் காணாமல் போனது. அதற்கு ஒருவனைக் கை காட்டினாள் நம்ம ஜிபார். நீட்டின விரலை மடக்க அவள் பட்ட பாடுதான் கதை.

காரகோல் பஜாரில் பல்தாபாய் சொன்னால் சொன்னதுதான். கடைக்காரர்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்து வைப்பவர் அவர். அவருடைய மனைவி உல்கான் போன இலையுதிர் காலத்தில் கண்ணை மூடினாள். அவள் நடமாடினதும் பேசினதும் சிரித்ததுமாகக் கொஞ்சம் வீடியோ, அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. கிழவர் தினம் காலையில் டீயோடு அதன் முன்னால் உட்காருவார்.

போன வாரம் ஒரு காலை உட்கார்ந்தார். பளபளவென்று புது முகப்பு ஒன்று அவரை வரவேற்றது. யாரோ புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருக்கிறார்கள். பழையது அத்தனையும் அழிந்து போயிருந்தது, உல்கானும் சேர்த்து. இந்தக் கம்ப்யூட்டர் யாருடையது என்கிற இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'கெஸ்மே'.

கெஸ்மே என்றால், மாவைத் தேய்த்து, வெட்டி, சாற்றில் போடுகிறோமே, அந்த நூடுல்ஸ்.

ஜிபாரைக் கூப்பிட்டார்கள். போலீஸ் வேலையை விட்டுவிட்டு, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் துப்பறிகிறவள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறவள். முதல் நாள்தான் அந்த வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரின் விசிறியை மாற்றிவிட்டுப் போயிருந்தான் அர்கென். பஜாரில் சிடி விற்று, மெஷின் ரிப்பேர் பார்க்கிற உய்குர் வீட்டுப் பையன். அவனுடைய அப்பா அதே வரிசையில் கெஸ்மே விற்றவர். அதனால் பஜார் முழுக்க அவனுக்கு என்ன பட்டப்பெயர்? ஆமாம், கெஸ்மேதான்.

ஜிபாருக்கு டீ ஆறுவதற்குள் கேஸ் முடிந்துவிட்டது. நேராக அவன் கடைக்குப் போய், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "திருடன் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான்" என்றாள். கூட்டம் சிரித்தது. மறு வெள்ளிக்கிழமைக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் பல்தாபாய்.

வியாழக்கிழமை காலை அர்கென் அவளுடைய அறைக்கு வந்தான். சண்டைக்கு வந்த முகம் இல்லை. தூக்கமில்லாத முகம்.

ஜிபாரின் உதவியாளன் முகாஷ் கதவைத் திறந்தான். நாற்பது வயது, சொந்தமாக ஒரு டாக்சி, அதைவிட வேகமாக ஓடுகிற வாய்.

"வா தம்பி. சாட்சி சொல்ல வந்தியா, சாப்பாடு கொண்டு வந்தியா?"

"எஜேகிட்ட ஒண்ணு கேக்கணும்." அங்கே அக்காவை எஜே என்பார்கள், அண்ணனைப் பாய்கே, பெரியவரை அத்தா. அவன் உட்காரவில்லை. "எஜே, அந்த மெஷினுக்குள்ள ஒரு சிடி இருந்திருக்குமே. அதைப் பாத்தீங்களா?"

ஜிபார் முகாஷைப் பார்த்தாள். முகாஷ் மேஜையைப் பார்த்தான். அங்கே ஜிபாரின் டீ கிளாஸ் நின்றுகொண்டிருந்தது. கிளாஸுக்கு அடியில் சிடி.

"தடயம் பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன்," என்றான் முகாஷ். "மேஜைக்கும் கறை படல."

அர்கென் கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்தான். சிடியைச் சட்டையில் துடைத்தான். அந்தத் துடைப்பைப் பார்க்கவே ஜிபாருக்கு என்னவோ போல் இருந்தது. அவள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

"இங்க எழுதியிருக்கு பாருங்க. அப்கிரேட் சிடி. பழைய சிஸ்டம் வச்சிருக்கறவங்களுக்கு மலிவா குடுக்கறது. பழசை அழிச்சிட்டு இதைப் போட்டா லேசுல விடாது. 'உன்கிட்ட பழசு இருந்துச்சா? அந்த சிடியைக் காட்டு'ன்னு கேட்டு நிக்கும். காட்டினாத்தான் மேல போகும்."

"பொண்ணு கேட்டுப் போனா ஏழு தலைமுறைப் பேரைச் சொல்லச் சொல்ற கிழவர் மாதிரி," என்றான் முகாஷ்.

"இதுக்கு ஒரு தலைமுறை போதும் பாய்கே." அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் கடையில முழு சிடி குவிஞ்சு கெடக்கு. ஒரு கேள்வியும் கேக்காது. அதை விட்டுட்டு நான் எதுக்கு இதோட மல்லுக்கட்டணும்? அதுவும் இது ஒரிஜினல். பெட்டியில வந்தது. நம்ம ஊர்ல ஒரிஜினல் வாங்கற ஆள் ஒருத்தரைக் காட்டுங்க."

ஜிபார் சிடிக்குக் கையை நீட்டினாள். அவன் அதை மேஜையில் வைத்தான்.

"இன்னொண்ணு. அன்னைக்கே அந்த வீட்டுக்குப் போனேன். அந்த மெஷினை ஆன் பண்ணாதீங்க, அழிஞ்சது அடியில கொஞ்சம் இருக்கும், மேல மேல எழுத எழுதத்தான் போகும்னு சொல்லப் போனேன். வாசல்லயே நிறுத்திட்டாங்க." கதவுவரை போய்விட்டுத் திரும்பினான். "நீங்க என்னைத் திருடன்னு சொன்னதைக்கூடப் பொறுத்துக்கலாம் எஜே. அப்பா கெஸ்மேயும் சாறுமா வித்து வாங்கின பேரு அது. கெஸ்மேன்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பேன், சந்தோஷமா. இப்ப கூப்பிட்டா யாரும் திரும்பக்கூடாதுன்னு தோணுது."

அவன் போனபிறகு முகாஷ் மேஜையைத் துடைத்தான். அது நடப்பதே அபூர்வம்.

"எஜே, நம்ம தப்பு பண்ணிட்டமோ?"

"நம்ம இல்ல. நான்."

"சரி, அதுல சண்டை போட மாட்டேன்."

ஜிபார் சிடியை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். காது சூடாக இருந்தது. எத்தனையோ திருடர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவள். எழுதியிருந்ததைப் படிக்காமல் அதன்மேல் டீ வைத்துக் குடித்திருக்கிறாள்.

"இதைப் போட்டவங்க கையில பழைய சிடியும் இருந்திருக்கணும்," என்றாள். "அது எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சா, ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். வண்டியை எடு."

முகாஷின் டாக்சியில் ஏறினால் முதலில் கண்ணில் படுவது, கண்ணாடியில் நூல் கட்டித் தொங்குகிற ஒரு சிடி. வெயிலில் அது சுழன்று சுழன்று ஜிபாரின் முகத்தில் வெளிச்சம் அடித்தது.

"எதுக்குடா இதைத் தொங்கவிட்டிருக்க?"

"போலீஸோட ரேடார் கண்ணு கூசும் எஜே. வேகம் தெரியாது."

"ஆனா போன மாசம் மாட்டிக்கிட்டியே."

"அன்னைக்கு மேகமூட்டம்."

"இந்த சிடியில என்ன இருக்கு?"

"என்ன இருந்தா என்ன? வேலைக்காகாத பழசைத்தான் எல்லாரும் கட்டறாங்க. ஊர்ல பாதி வண்டியில..." முகாஷ் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான். "எஜே, பல்தாபாய் அத்தாவோட வண்டியிலயும் ஒண்ணு தொங்கும்."

"இப்பதான் நீ வாங்கற சம்பளத்துக்கு ஒரு வார்த்தை பேசியிருக்க."

"சம்பளம் வாங்கறேனா? எப்பலேருந்து?"

பல்தாபாயின் முற்றத்தில் அந்தப் பழைய ழிகுலி கார் நின்றிருந்தது. உல்கானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபிறகு அவர் அதைத் தொடவில்லை. கண்ணாடியிலும் ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. கதவு பூட்டியில்லை. முகாஷ் தலையை உள்ளே நுழைத்து விசில் அடித்தான்.

"எல்லாம் அழுக்கு. இவன் மட்டும் குளிச்சிருக்கான்."

கண்ணாடியில் தொங்கின சிடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அதில் அச்சடித்திருந்ததை இந்தத் தடவை ஜிபார் மூக்குக் கண்ணாடியை இறக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தாள். பழைய சிஸ்டத்தின் சிடி. கட்டியிருந்தது கடையில் வாங்கின நூல் இல்லை. புதிதாக முறுக்கின ஒட்டக மயிர் நூல். யாரோ கழற்றிக் கொண்டுபோய், மெஷினுக்குக் காட்டிவிட்டு, துடைத்து, புது நூலில் கட்டித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

"எடுத்ததைத் திருப்பி வைக்கிற திருடன்," என்றான் முகாஷ். "இவனைப் பிடிச்சா மாலை போடணும்."

சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து மருமகள் அய்சதா வந்தாள். பிஷ்கெக்கில் வளர்ந்த பெண், இங்கே பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவள். முகாஷ் ஜிபாரின் விலாவில் இடித்தான். அவன் கண்ணே 'இவதான்' என்றது.

"பல்தாபாய் அத்தா பஜாருக்குக் கிளம்பிட்டார் எஜே. நாளைக்கு அந்தக் கடையைக் காலி பண்ணணும்ல, பேசப் போயிருக்கார்."

"கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுது. நேத்துகூடப் பாட்டுக் கேட்டேன்."

 மேல மேல எழுத எழுதத்தான் போகும் என்று அர்கென் சொன்னானே.

"அந்தப் பழைய சிஸ்டத்தை நீ மாத்தணும்னு நெனச்சதுண்டா?" என்றாள்.

"நெனச்சிருந்தா முதல்ல அத்தையோட வீடியோவை எடுத்து வச்சிருப்பேன் எஜே. என் பிள்ளைங்களுக்கு அதைத்தானே முதல் பாடமா சொல்லித் தரேன்." அவள் கண் கலங்கியது. "இந்த வீட்டுல மட்டும் செய்யாம விட்டுட்டேன்."

அது பொய் சொல்கிற முகம் இல்லை. முகாஷ் விலாவிலிருந்து முழங்கையை எடுத்துக்கொண்டான்.

முற்றத்துக் கோடியில் ரொட்டி அடுப்புப் பக்கம் ஒரு வயதான பெண் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். பாத்மா. பல்தாபாயின் செத்துப்போன தம்பியின் மனைவி. உல்கானின் ஓரகத்தி. பக்கத்து வீட்டிலிருந்து தினம் வந்து இவர்களுக்கு ரொட்டி சுட்டுத் தந்து, மிச்சத்தைப் பஜாரில் விற்கிறவள். கம்ப்யூட்டர் அழிந்த அன்றும் அவள் இங்கேதான் இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஜிபாருக்கும் தோன்றவில்லை.

"ஏய் தம்பி," என்று பாத்மா முகாஷைக் கூப்பிட்டாள். "சும்மா நின்னு வேர் விடாதே. அந்தக் கெஸ்மேயை எடுத்து இந்தக் கட்டையைப் பொளந்து போடு."

முகாஷ் சுற்றும் முற்றும் பார்த்தான். "நூடுல்ஸை வச்சு விறகு பொளக்கறதா? எஜே, எங்க வீட்டுல அவ்வளவு கெட்டியா செய்ய மாட்டாங்க."

அய்சதா சிரித்துவிட்டாள். "கோடாலியைச் சொல்றாங்க பாய்கே. பல்தான்னா கோடாலிதானே, அது மாமனார் பேர்லயும் இருக்கு. புருஷனோட அண்ணன் பேரை அவங்க வாயால எடுக்க மாட்டாங்க. அதனால 'வெட்டறது'ன்னு கெஸ்மேம்பாங்க. நான் பேரைச் சொல்லிச் சொல்லி வாங்காத திட்டு இல்ல."

முகாஷ் கோடாலியைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஜிபார் அப்படியே நின்றாள்.

கேளுங்கள் கண்ணுகளா, இது நமக்குத் தெரியாததா? நம்ம வீட்டுப் பாட்டிகளும் தாத்தா பெயரைக் கேட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவர்கள்தானே. ஆனால் ஜிபார் எந்த வீட்டுக்கும் மருமகளாகப் போனதில்லை. எந்தப் பெயரையும் விழுங்க வேண்டிய அவசியம் அவள் நாக்குக்கு வந்ததில்லை. நூடுல்ஸ் என்று படித்தாள். நூடுல்ஸ்காரன் மகனைப் பிடித்தாள்.

"அய்சதா, முகாஷுக்கு ஒரு டீ குடு," என்றாள். இருவரும் உள்ளே போனபிறகு அடுப்போரம் போய் உட்கார்ந்தாள். "பாத்மா எஜே. அந்த ஒட்டக மயிர் நூல் நீங்க முறுக்கினதுதானே?"

பாத்மா கையிலிருந்த கட்டையைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"பேர் கேட்டுச்சு," என்றாள் மெதுவாக. "யாரோட மெஷினோ அவங்க பேரை எழுதுன்னுச்சு. நான் எப்படி எழுதுவேன்? விரல் வரல. என் பேரைப் போட்டா அது திருட்டு. வாயில வர மாதிரி எழுதிட்டேன்."

"சிடி யார் குடுத்தாங்க?"

"மெடெர்."

அந்தப் பெயரைக்கூடச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். மெடெர் அவள் மகன். ரஷ்யாவில் கட்டட வேலை. அப்பா செத்தபோது அவன் வரவில்லை. வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், பேப்பர் சரியில்லை. தம்பியைப் புதைத்த மண் காய்வதற்குள் பல்தாபாய் சொல்லிவிட்டார், அவன் பெயரை என் வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று.

"கேமராவும் சிடியும் பஸ்காரன்கிட்ட குடுத்தனுப்பினான். பழைய சிஸ்டத்துல கேமரா ஓடாதாம். இதைப் போட்டா அவன் முகத்தைப் பாக்கலாமாம். வீட்டுல யாரும் இல்லாதப்ப போன்ல சொல்லச் சொல்லப் போட்டேன். பழைய சிடி கேட்டப்ப, கார்ல தொங்கறதைக் காட்டும்மான்னான். எது கேட்டாலும் சரின்னு அமுக்கும்மான்னான். அது நிறைய கேட்டுச்சு ஜிபார். எல்லாத்துக்கும் சரின்னேன்." கட்டை அவள் மடியில் நழுவியது. "அதுல ஒரு கேள்வி உல்கானை அழிக்கவான்னு கேட்டிருக்கு. அதுக்கும் சரின்னுட்டேன்."

அடுப்பில் நெருப்பு சடசடத்தது.

"முகம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அவன் கண்ணு மூடின நேரத்துல படம் அப்படியே நின்னு போச்சு. அது போதும்னுதான் இருந்தேன்." முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். "நீ அந்தப் பையனைச் சொன்னப்ப ரொட்டிக் கூடையோட நான் அங்கதான் நின்னேன். வாய் வரல. அவன் எங்கிட்டதான் தினம் ரொட்டி வாங்குவான். இப்பல்லாம் அந்தப் பக்கமே போறதில்ல."

"உங்களுக்கு வாய் வரல," என்றாள் ஜிபார். "எனக்கு வந்துச்சே, அது எவ்வளவு பெரிய வெக்கம்." எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். நான் தப்புன்னு மட்டும் சொல்லிட்டு வரேன்."

பஜாரில் கூட்டம் இருந்தது. அர்கென் கடையில் மட்டும் இல்லை. கேபிள்களைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். முன்னால் பல்தாபாய், வெள்ளைத் தொப்பியோடு, கைகளைப் பின்னால் கட்டி நின்றிருந்தார்.

முகாஷ் ஜிபாரின் காதில், "எஜே, ஆறப் போட்டு, கூட்டம் குறைஞ்சதும் சொல்லலாமே" என்றான்.

"சேத்தை அள்ளி வீசினப்ப கூட்டம் இருந்துச்சே."

அவள் கடைக்கு முன்னால் போய் நின்றாள்.   "அத்தா, அர்கென் அதைச் செய்யல. நான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்."

பல்தாபாய் திரும்பினார். "அப்ப யாரு?"

"அது என்னோட இருக்கட்டும்."

"போன வாரம் வரிசையே கேக்கப் பேர் சொன்ன. இந்த வாரம் பேர் இல்லையா? பேர் சொல்லு ஜிபார். இல்லன்னா நாளைக்குச் சாவி என் கைக்கு வரணும்."

சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பெரியவர் சொல்வதில் என்ன தப்பு என்றான் ஒருவன். அர்கென் சுருட்டுவதை நிறுத்தவில்லை. ஜிபார் உதட்டைக் கடித்தாள். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கெடுத்த பெயர் ஒரு பக்கம்.

"நான்."

கூட்டம் விலகியது. முற்றத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். தலைத்துணி நழுவியிருந்தது, மூச்சு வாங்கியது.

"நான்தான், கைனகா," என்றாள் பாத்மா, கணவனின் அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்து. "பையன் முகத்தைப் பாக்கணும்னு போட்டேன். உல்கான் அழிஞ்சு போவாள்னு தெரியாது."

 பல்தாபாயின் கழுத்து சிவந்தது.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றார் கடைசியில்.

"என்னன்னு கேக்கறது? உங்க பேரை நான் எடுக்கக் கூடாது. அவன் பேரையும் எடுக்கக் கூடாதுன்னுட்டீங்க. எனக்குன்னு என்ன மிச்சம் இருந்துச்சு, கேக்க?"

கிழவர் தொப்பியைக் கழற்றினார், என்ன செய்வதென்று தெரியாத மாதிரி அதைப் பார்த்தார், திரும்ப வைத்துக்கொண்டார்.  ஜிபாருக்கு அவரைப் பார்க்கவும் முடியவில்லை, பாத்மாவைப் பார்க்கவும் முடியவில்லை. அர்கெனைப் பார்த்தாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"தம்பி," என்றாள். "நீ செய்யல. நான்தான் தப்பாச் சொன்னேன்."

அர்கென் கேபிளைக் கீழே வைத்தான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க எஜே. கோடியில தொப்பி விக்கறாரே, அவருக்குக் காது மந்தம்."

யாரும் சிரிக்கவில்லை. முகாஷ்கூட. ஜிபார் மூச்சை இழுத்துப் பிடித்து, வரிசையின் அந்தக் கடைசிவரை கேட்கிற மாதிரி, தான் தப்புச் சொன்னதை, அர்கென் குற்றம் செய்யாததை, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். கண் எரிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கோடியில் தொப்பிக்காரர் தலையை ஆட்டினார்.

"நானும் சொன்னேன்," என்றார் பல்தாபாய்.  "கடையைக் காலி பண்ணச் சொன்னது நான். அது தப்பு."

அர்கென் ஸ்க்ரூ டிரைவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "மெஷினை இனிமே யாரும் தொடாதீங்க. வீடியோ பாதி வந்தாலே பெரிசு. இவ்வளவு நாள் ஓட்டினதுல போனது போனதுதான்." பாத்மாவின் பக்கம் திரும்பினான். "வாங்க எஜே, என்னென்ன அமுக்கினீங்கன்னு வரிசையாச் சொல்லணும். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது." அப்புறம் கடையைப் பார்த்துத் தயங்கினான். சிடி எல்லாம் வெளியே பரப்பிக் கிடந்தது.

பல்தாபாய் கடைக்குள் போய், அர்கெனின் முக்காலியில், முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்தார். ஒரு பெண் வந்து குழந்தைகளுக்கான கார்ட்டூன் சிடி இருக்கா என்று கேட்டாள். பஜாரின் பெரியவர் குவியலைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். "அவன் வந்துடுவான்," என்றார். "கடை அவனோடது. நான் சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் முகம் பார்க்க வந்து சேரட்டும். கேட்க வேண்டியதைக் கேட்க உங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் வாய் கூசாமல், தப்பைத் தப்பு என்று சொல்ல ஒருத்தருக்கும் குரல் அடைக்காமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.